ஸ்டெப்னி கேமரா

என் வீட்டுக்காரர் லாரி கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது என்பது அவருடைய வேதவாக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நாங்கள் இருவர் மட்டும் கடல் பார்க்கப் போகிறோம் என்றதும், "பெரிய கேமரா நடுவழியில படுத்துடுச்சுன்னா? கையில இன்னொண்ணு இருக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் என் உயிரை வாங்கினார். ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேண்டுமாம். ஃபிலிம் போட்டு எடுக்கிற பழைய பெட்டி. கைக்கு அடக்கம், பேட்டரியும் கேட்காது. பேர்போன கம்பெனியின் விலையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தார். மலிவாகக் கிடைத்த ஒன்றில் குறிபார்க்கும் சதுரம் மங்கிப்போயிருந்தது. அதில் இரண்டாகத் தெரிகிற உருவம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் படம் தெளிவாக விழும். என் மூக்கு இரண்டும் கடைசிவரை சேரவில்லை. மூன்றாவது ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் லென்ஸ் இல்லை. தனியாக லென்ஸ் வாங்கப் போனால் அது கேமராவை விட எகிறியது.

கடைசியில் கைகொடுத்தவன் என் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஆசையாக வைத்திருந்த தன் பழைய ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு பாதி விலைக்குத் தந்தான்.

"ஊர் சுத்த இந்த லென்ஸ் போதும் மாமா. ஆளும் விழும், பின்னாடி இருக்கிற இடமும் விழும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. இதுல நாம பாக்குற ஜன்னல் வேற, படம் புடிக்கிற கண்ணு வேற."

"எனக்கே பாடமா மச்சான்?" என்று இவர் சிரித்தார்.

சொல்லிவைத்தாற்போல் கடைசி நாள், கலங்கரை விளக்கத்தின் அடியில் பெரிய கேமரா படுத்துவிட்டது. இவர் ஸ்டெப்னியைத் தூக்கினார். என்னை நிறுத்தி, உட்கார்த்தி, முந்தானையைச் சரிசெய்து, மணலில் முட்டி போட்டு ஒரு ரோல் முழுக்க எடுத்தார். ஆயுசில் என்னை அப்படி ஒரு மனுஷர் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவர் முட்டி போட்டிருந்த கோலத்தை என் செல்போனில் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

கழுவிவந்த ஃபிலிமில் ஒன்றுமே இல்லை. ஒரு நிழல்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தம்பியையும் அவன் மனைவியையும் வீட்டுக்கு வரவழைத்தேன். இவர், "ஷட்டர் போன பெட்டிய என் தலையில கட்டிட்டான்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கூடப் பொறந்தவளையே ஏமாத்துறியேடா, உனக்கெல்லாம் சோறு எப்படிடா இறங்குது?" என்றேன்.

தம்பி ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தான். இவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிக்கா, நான் பாத்துக்கறேன்" என்று கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் மனைவி செருப்பைத் தேடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நேற்று செல்போனில் வேறெதையோ தேடும்போது அந்தப் படம் கண்ணில் பட்டது. முட்டி போட்ட இவர், கையில் கேமரா. விரலால் பெரிதாக்கினேன். லென்ஸின் மேல் கறுப்பு மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நேரில் பார்த்த எனக்குக் கறுப்புமேல் கறுப்பு தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்த இவருக்கு நான் பளிச்சென்று தெரிந்திருக்கிறேன். படம் பிடிக்கிற கண்தான் மூடிக்கிடந்திருக்கிறது.

இவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். நான் முறைத்த முறைப்பில் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். தம்பி கடைக்குக் கூட வாருங்கள் என்று கதவைத் தட்டினால், "மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்று மட்டும் பதில் வந்தது.

தனியாகக் கடைக்குப் போனேன். தம்பி கேமராவை மேசைக்கு அடியிலிருந்து எடுத்தான். மூடியில் துளை போட்டு, ஒரு கறுப்புக் கயிற்றால் கேமராவோடு கட்டியிருந்தான்.

"ஷட்டர் ஒட்டிக்கிட்டிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு மாமாகிட்ட சொல்லிடுக்கா. கயிறு எதுக்குன்னு கேட்டா, மூடி தொலையாம இருக்கன்னு சொல்லு."

"ஃபிலிமப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"உம்."

"ஏன்டா அங்கயே சொல்லல?"

"மாமா உன் முன்னாடி அசிங்கப்படுவாரேன்னுதான். நீ வேற ஊர்லேர்ந்து வந்ததும் அந்தப் பயணத்தப் பத்தி ஃபோன்ல அவ்ளோ சந்தோஷமா பேசினே."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "உன் பொண்டாட்டிகிட்டயாவது சொன்னியா?"

"சொன்னா அவ உன் வீட்டு வாசல்ல வந்து சண்டை போடுவாக்கா."

அப்படியென்றால் சொந்த வீட்டிலும் அவன் ஏமாற்றுக்காரனாகவேதான் இருந்திருக்கிறான். நான் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. "வாங்க அண்ணி. திட்டறதுல இன்னும் பாக்கி இருக்கா?"

செல்போனை நீட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இதென்ன, கேமரா மேல கறுப்பா?"

"மூடிம்மா. அத எடுக்காமலே அத்தனை படமும் எடுத்திருக்காரு. உன் புருஷன் பண்ணின மோசடி இதுதான்."

காலில் விழத்தான் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் அண்ணி," என்றாள். "நிஜமாவே அக்காவ ஏமாத்தினீங்களான்னு அன்னிக்கி நானும் அவரக் கேட்டுட்டேன்."