ஞாயிற்றுக்கிழமை வண்டி

பதினோரு பேரைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் பம்பாய் மாட்டுங்கா திருவேங்கடம் தன் வெள்ளைக் காரைப் பிரேமலதாவுக்கு விற்றார். வந்தவர்களில் ஒருவன் டயரை உதைத்துப் பார்த்தான். இன்னொருவன் பான் மென்றுகொண்டே ஸ்டியரிங்கில் கை வைத்தான். மூன்றாமவன் நல்லவன்தான், ஆனால் மழைச் சேற்றுச் செருப்போடு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு நொட்டை சொல்ல மாட்டார்கள் என்று அவர் மனைவி சுப்புலக்ஷ்மி கட்டடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

பிரேமலதா மட்டும் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் ஃபைலைக் கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே மனிதர் மயங்கிவிட்டார். பத்து வருஷத்து சர்வீஸ் பில்கள் தேதிவாரியாக இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும், துறைமுக அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுதிப் பழகிய குண்டு குண்டான கையெழுத்தில் குறிப்பு. பத்து வருஷத்தில் வண்டி ஓடியது இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவிலிருந்து செம்பூர் முருகன் கோவில், கோவிலிலிருந்து வீடு. மற்ற ஆறு நாளும் உறை போர்த்திக்கொண்டு தூக்கம்.

அவளுக்கு வண்டி வேலைக்கு வேண்டும். தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து கிளம்பி, செம்பூரிலும் தேவ்நாரிலும் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள் அவள். பெயர் மாற்றுவதற்காக மூன்று தடவை ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியிருந்தது. மூன்று தடவையும் துணைக்கு வந்தவன் நகுல், திருவேங்கடத்தின் ஒரே மகன். மூன்றாவது தடவை போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்பது பிரேமலதாவுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வண்டி கைமாறி இப்போது எட்டு மாதம் ஆகிறது. நகுல் வீட்டில் கல்யாண விஷயத்தைச் சொல்லிவிட்டான். சுப்புலக்ஷ்மிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. திருவேங்கடம் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இரண்டு குடும்பமும் செம்பூர் கோவிலில் சந்திக்கட்டும், அங்கே வைத்துச் சொல்கிறேன் என்றார். கோவிலில் சந்திப்பது வழக்கம்தான். யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம், யார் வீட்டுக் காப்பியும் குடிக்க வேண்டாம். ஒத்து வராவிட்டால், சாமி கும்பிட வந்தோம் என்று அவரவர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம். பிரேமலதாவின் அம்மா முப்பிடாதியம்மாளுக்கு அது சுருக்கென்று குத்தியது. ஆனாலும் மகளுக்காக வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு யமகண்டம் தொடங்கிவிடும், நடையும் சாத்திவிடுவார்கள். அதற்குள் பேச்சு முடிய வேண்டும். நகுல் அம்மாவை அழைத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டான். பிரேமலதாவின் அப்பா தளவாயும் முப்பிடாதியம்மாளும் பஸ்ஸில் கிளம்பியாயிற்று. அவளும் அவர்களோடு போவதாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்புகிற நேரத்தில், ஒன்பதரைக்கு, திருவேங்கடத்திடமிருந்து போன் வந்தது.

"வண்டியை எடுத்துண்டு வா. நாம ரெண்டு பேரும் அதுலயே போயிடலாம்."

 இது சவாரி இல்லை, பரீட்சை.

பத்தரைக்குக் கிளம்பினார்கள். திருவேங்கடம் முன் சீட்டில் பட்டுக்கரை வேட்டியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.  காதைத் தீட்டி வைத்துக்கொண்டு எஞ்சினைக் கேட்டார். ஏ.சி. வேண்டாம் என்றார், அது சத்தத்தை மறைத்துவிடுமாம். கிங்ஸ் சர்க்கிள் தாண்டும்போது பிரேமலதா கியர் மாற்றியது அவளுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக இருந்தது. சயானுக்கு வந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார். கியர் விழற சத்தமே கேக்கலையே, பரவாயில்லை என்றார். எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அவள் மனசு துள்ளிக் குதித்து இறங்குவதற்குள், எங்கோ அடியில் 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எஞ்சின் செத்துவிட்டது.

இருமல் இல்லை, திணறல் இல்லை, புகை இல்லை. ஸ்டியரிங் மட்டும் கல்லாக இறுகியது. பின்னால் ஒரு பஸ் அலறியது. பிரேமலதா பல்லைக் கடித்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் திருப்பி, ஓடிய வேகத்திலேயே வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. ஆனால் வழக்கமான முக்கல் இல்லாமல், தண்ணீர் இல்லாத கிணற்றில் ராட்டினம் சுற்றுவது போல லேசாக, விர்ரென்று சுற்றியது. அந்தச் சத்தம் சரியில்லை என்று அவளுக்கு உடனே பட்டது. கையை எடுத்துவிட்டாள்.

இன்னொரு தரம் போடச் சொன்னார் திருவேங்கடம். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் முகம் சிவந்தது. பத்து வருஷம் தன்னிடம் இருந்தபோது ஒரு நாள், ஒரு நிமிஷம் இந்த வண்டி வழியில் நின்றதில்லை என்றார். எட்டு மாசத்தில் என்ன பண்ணினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மணி பத்து ஐம்பது. ஹார்பர் லைனில் தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், ரயிலை நம்ப முடியாது. அவள் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவுக்கு போன் போட்டாள். சாவியைத் தொடாதே தங்கச்சி, இதோ வாரேன் என்றான் அவன். பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்து குதித்தான். பானெட்டைத் திறந்து, ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டு இழுத்தான். கறுப்பாக ஒரு பெல்ட் வந்தது. பாம்பு உரித்த சட்டை மாதிரி வெடித்து, அறுந்து, பல் உதிர்ந்திருந்தது. டைமிங் பெல்ட். இது போனால் எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், மேல்பாகமான ஹெட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் சேதம் தெரியும் என்றான்.

திருவேங்கடம் நம்பவில்லை. பின் சீட்டிலிருந்து ஃபைலை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்தையே விரலால் தட்டிக் காட்டினார். டைமிங் பெல்ட், அறுபதாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். வண்டி இன்னும் முப்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லையே.

"அறுபதாயிரம், இல்லாட்டி அஞ்சு வருஷம், எது முதல்ல வருதோ அது, பெரியவரே. இது ரப்பர். ஓடினாத் தேயும், சும்மா நின்னாக் காயும்," என்ற கரீம் பாட்சா, பிரேமலதாவின் பக்கம் திரும்பினான். "ஒங்கிட்ட ரெண்டு தடவ சொன்னனே தங்கச்சி. பெறவு பாப்போம் பாய், பெறவு பாப்போம்னு தள்ளிக்கிட்டே போனியே."



உண்மைதான். வாங்கிய அன்றைக்கே அவள் பெல்ட்டைப் பற்றிக் கேட்டாள். அறுபதாயிரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு என்றார் திருவேங்கடம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களின் முழங்காலை மடக்கி நீட்டிப் பிழைக்கிறவளுக்கு, சும்மா கிடப்பது எதையும் காப்பாற்றாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அவர் ஃபைலை வாங்கிப் பார்ப்பார். புது பெல்ட்டுக்கு ஒரு பில் வந்தால், 'நீங்கள் எழுதியது தப்பு' என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகும். நகுலின் அப்பாவிடம் அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. கல்யாணம் முடியட்டும், சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

திருவேங்கடம் ஃபைலை மூடினார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லலை?"

"நீங்க எழுதி வச்சிருந்தீங்க, அங்கிள்."

"நான் தப்பா எழுதினா? எங்க ஆத்துக்கு வந்தப்புறமும் இப்படித்தான் எல்லாத்துக்கும் தலையாட்டிண்டு, வாயை மூடிண்டு இருப்பியா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்து போய், வந்த ஆட்டோவைக் கையை நீட்டி நிறுத்தினார். அப்படியே திரும்பி மாட்டுங்காவுக்குப் போய்விடுவாரோ, ஆனால் சயானைத் தாண்டி அந்தப் பக்கம் ஆட்டோவை விட மாட்டார்களே என்று அவள் பைத்தியம் மாதிரி யோசித்தாள். அவர் டிரைவரிடம் செம்பூர் என்றார். கரீம் பாட்சா சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஓடு தங்கச்சி, வண்டிய நா பாத்துக்கிடுதேன் என்று அவளைத் தள்ளிவிட்டான். ஆட்டோ நகரும்போது அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். மணி பதினொன்று இருபத்தைந்து.

சுன்னாபட்டி வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். போனில் நகுல் விடாமல் அழைத்தான். வந்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லி வைத்தாள். காற்று அவள் பூவைப் பிய்த்து எறிந்தது. முடிந்துபோனது முடிந்துபோனதாகவே இருக்கட்டும் என்று ஒரு வேகம் வந்தது அவளுக்கு. கேட்டுவிட்டாரே, பதில் சொல்லிவிட வேண்டியதுதான்.

"அங்கிள், வாயை மூடிட்டு இருக்க மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்."

ஆட்டோவின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் தனக்கு நோயாளிகள் உண்டு, அதை விட முடியாது என்றாள். அம்மா வீட்டுக்குப் போனால் மீன் சாப்பிடுவாள், அதை மறைக்கச் சொல்லி நகுல் கெஞ்சியிருக்கிறான், ஆனால் மறைக்கப் போவதில்லை என்றாள். டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினான்.  இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"கோவில்ல பாக்கலாம்னு சொன்னீங்கள்ல, அன்னிக்கு எங்கம்மா ராத்திரி சாப்பிடலை. எங்க வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடிக்க யோசிக்கிறவங்க, என்னை எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

திருவேங்கடம் அவளைப் பார்த்தார்.  திரும்பி ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

அமர் மஹால் சந்திப்பில் வண்டிகள் நகராமல் நின்றன. பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பத்தைந்து. டிரைவர் ஒரு டெம்போவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தான். தன் கல்யாணத்தைத் தானே கத்திக் கலைத்துக்கொண்ட பெண் இந்த பம்பாயில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று பிரேமலதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் வயிற்றில் எட்டு மாதமாக உட்கார்ந்திருந்த ஒரு கனம் இறங்கியிருந்தது. அதுவும் நிஜம்.

கோவில் அடிவாரத்தில் நகுல் கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தான். அப்பாவைத் தாங்கிப் பிடிக்க வந்தவனை அவர் ஒதுக்கிவிட்டுப் படியேறினார். பிரேமலதா பின்னாலேயே ஓடினாள். என்ன ஆச்சு என்று நகுல் காதோரம் கேட்டான். வண்டி போச்சு, மீனையும் சொல்லிட்டேன் என்றாள். அவன் ஒரு படி தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, கைப்பிடியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். போகட்டும் என்றான். மீதிப் படிகளை அப்படியே ஏறினார்கள்.

மேலே தளவாய் புது வேட்டியில் கைகட்டி நின்றார். தையல் பட்டறையில் நாற்பது பேரை மேய்க்கிற மனிதர், இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தார். முப்பிடாதியம்மாள் தேங்காய்த் தட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். சுப்புலக்ஷ்மி அவள் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே அர்ச்சகர் திரையை இழுக்கத் தயாராக இருந்தார்.

"வாங்க அண்ணாச்சி," என்றார் தளவாய்.

திருவேங்கடத்துக்கு மூச்சு வாங்கியது.  எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"இங்க வச்சு நான் ஒண்ணும் சொல்றதா இல்லை," என்றார்.

முப்பிடாதியம்மாளின் தட்டு சாய்ந்தது. சுப்புலக்ஷ்மி சட்டென்று அதைத் தாங்கினாள். தளவாயின் முகம் வெளுத்துவிட்டது. பிரேமலதா நகுலின் கையை விட்டாள்.

"பொண்ணு கேக்கறவன் பொண்ணாத்துக்கு வந்து கேக்கணும். கோவில்ல பாக்கலாம்னு சொன்னது என் தப்பு. பெரிய தப்பு. அந்த வண்டி விஷயத்திலயும் தப்பு என்னோடதுதான், உங்க பொண்ணு தெரிஞ்சிண்டே பொறுத்துண்டா. இனிமே பொறுக்க மாட்டாளாம், ஆட்டோவில கத்திச் சொல்லிட்டா." வேட்டி முனையால் நெற்றியைத் துடைத்தார். "இன்னிக்கே வரோம். ஒன்றரை மணிக்கு யமகண்டம் முடிஞ்சுடும். அதுக்கு மேல உங்க ஆத்துக்கு வந்து கேக்கறேன். ஆத்தில காப்பிப் பொடி இருக்கோன்னோ?"

 அதற்கென்ன அண்ணாச்சி என்று தளவாய் சொல்லி முடிப்பதற்குள் நடை சாத்தும் மணி அடித்தது. அந்தச் சத்தத்தில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. நகுல் சிரித்தது மட்டும் பிரேமலதாவுக்குத் தெரிந்தது.

மணி அடங்கியபோது முப்பிடாதியம்மாளைக் காணோம். தேங்காய்த் தட்டைச் சம்பந்தி கையிலேயே விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகியபடி, படிகளில் பாதி தூரம் இறங்கிப் போயிருந்தாள். காதில் போன். பக்கத்து வீட்டுக்காரியிடம் மேலே வரை கேட்கும்படி கத்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வாசல்ல கெடக்குற துணியெல்லாம் எடு. ரெண்டு பாக்கெட் பால் வாங்கி வையி. மீன் சட்டியக் கொண்டுபோயி ஒன் வீட்டுல ஒளிச்சு..." நின்றாள். திரும்பி, மேலே நிற்கும் மகளைப் பார்த்தாள். பிரேமலதா வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"ஒளிக்காண்டாம். அங்கனயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு முப்பிடாதியம்மாள் மீதிப் படிகளை இறங்கத் தொடங்கினாள்.