சிவப்பு மைக்குக் காவல்

பேரரசர் சிவப்பு மையில் கையெழுத்திடுவார். வேறு யார் அதில் கையெழுத்திட்டாலும் கை போகும். பேரரசர் சிறுவனாக இருந்தால், அவர் பெயரால் ஆள்பவர் பச்சை மையில் இடுவார். கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையில் சிவப்பு மைப்பெட்டியின் சாவி பதினொரு ஆண்டுகளாக என் இடுப்பில் இருந்தது.

எங்கள் பேரரசர் தியோபிலாக்டருக்கு ஒன்பது வயது. பச்சை மை நிக்கேத்தாஸிடம் இருந்தது. அவரை அந்த இடத்தில் அமர்த்தியவர் பேரரசரின் தாய், விதவை தொமாயிஸ். நிக்கேத்தாஸ் சிறு வயதில் காயடிக்கப்பட்டவர். நானும்தான். உடலில் குறை உள்ளவன் அரியணை ஏற முடியாது. ஆகவே அவருக்கு அதன்மேல் ஆசை வராது என்று தொமாயிஸ் நம்பினார். நாங்கள் எல்லோருமே நம்பினோம். நிக்கேத்தாஸுக்கு ஓர் அண்ணன் இருந்ததும், அண்ணனுக்கு ஒரு மகன் இருந்ததும் எங்களுக்குத் தெரியும்.

ஈஸ்டர் முடிந்த வாரம், அண்ணன் மகனுக்கும் முடிசூட்டி இணைப் பேரரசனாக்க வேண்டும் என்றார் நிக்கேத்தாஸ். தொமாயிஸ் மறுத்தார். நான்காம் நாள் காலை என்னை வரச்சொன்னார்.

"எவ்ஸ்த்ராத்தி, என்னைத் தீவு மடத்துக்கு அனுப்ப உத்தரவு எழுதியாச்சாம். சமையக்கட்டு வரைக்கும் பேச்சு வந்துருச்சு."

"பச்சையில போட்டா செல்லாதும்மா. பேரரசரோட தாயை அனுப்பணும்னா சிவப்பு வேணும்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். பெட்டியைத் தொறக்காதே. மை காஞ்சுபோச்சுன்னு சொல்லு. சாவி தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு. பத்து நாள் போதும், எங்கண்ணன் படையோட வந்துருவான். எம்புள்ளைய இந்த ஆள்கிட்ட தனியா விட்டுட்டுப் போக முடியாது."

"தொறக்க மாட்டேம்மா."

"சத்தியமா?"

சிலுவைக்குறி போட்டுச் சொன்னேன்.

நண்பகலில் நிக்கேத்தாஸ் பேரரசரின் அறைக்கு வந்தார். சாப்பிட்டிருந்தார். விரல்களில் மீன்சாற்று வாடை. அதன்மேல் பன்னீர். பையன் தரையில் மரக்குதிரைகளை வைத்துத் தேர்ப்பந்தயம் நடத்திக்கொண்டிருந்தான். நிக்கேத்தாஸ் அவன் முன் குப்புற விழுந்தார். மூன்று முறை நெற்றி தரையில் பட்டது. சிவப்புச் செருப்பை முத்தமிட்டார். பையனிடமிருந்து எதையாவது எடுக்குமுன் இப்படி விழுவார். ஆசிரியரை நாடு கடத்திய அன்று விழுந்தார். கோடை மாளிகையை அண்ணனுக்குக் கொடுத்த அன்று விழுந்தார். இன்று அவருடைய உதடுகள் செருப்பின்மேல் நெடுநேரம் இருந்தன. எடுத்தபோது தோல் ஈரமாக மினுங்கியது.

"ராசா, ஒரு சின்னக் கையெழுத்து."

"நீங்களே பச்சையில போடுங்க மாமா. என் குதிரை ஜெயிக்கப் போகுது."

"இது சிவப்புல போடறது."

பையன் எழுந்தான். "நானா?"

"வேற யாரு? நாங்கல்லாம் உங்க கால் தூசி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மை."

காய்ந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"காலையில அம்மாவைப் பாத்தியாமே," என்றார் சிரித்தபடி. "நல்லா இருக்காங்களா? உனக்குக் கண்ணு எப்படி இருக்கு? இந்த வயசுல மங்குமே."

அவ்வளவுதான் சொன்னார். அரண்மனையில் சொல் மீறியவர்களின் கண்ணைப் பிடுங்குவது வழக்கம். என் கை ஏற்கெனவே சாவியின்மேல் இருந்தது. சிவப்பு மைக்கான சாதிலிங்கப் பொடியை நானே குழைத்தேன். நன்றாகக் குழைக்கும்படி யாரும் சொல்லவில்லை. நன்றாகக் குழைத்தேன்.

பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "தொ... மா... இது அம்மா பேரு. அம்மா எங்க போறாங்க?"

"ஜெபம் பண்ண, ராசா."

"நீ சொல்லு எவ்ஸ்த்ராத்தி. எதுன்னாலும் உன்கிட்ட கேட்டுக்கச் சொல்லியிருக்காங்க அம்மா. அவங்க சரின்னு சொன்னாங்களா?"

நிக்கேத்தாஸ் நகத்திலிருந்து எதையோ எடுத்து மென்றுகொண்டிருந்தார்.

"சொன்னாங்க, ராசா," என்றேன்.

நாக்கை நீட்டிக்கொண்டு எழுதினான். கடைசி எழுத்து கீழே சரிந்தது. நிக்கேத்தாஸ் அதன்மேல் ஊதினார்.

"முத்து முத்தா இருக்கு!"

சிவப்பு உத்தரவை மைக்காவலன்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நான் போனபோது தொமாயிஸை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முடியை வெட்டித் துறவியாக்க, கத்தரிக்கோலோடு ஒரு கிழக் கன்னியாஸ்திரி நின்றாள்.

"தலையை ஆட்டாதீங்க தாயே. காது போச்சுன்னா மடத்துலகூடச் சேக்க மாட்டாங்க," என்று சொல்லித் தானே சிரித்தாள்.

தொமாயிஸ் உத்தரவைப் படிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் பார்த்தார்.

"கையைப் புடிச்சு எழுத வச்சாங்களா?"

"இல்லம்மா."

"அழுதானா?"

"இல்லம்மா."

"அப்ப நீதான் என்னவோ சொல்லியிருக்கே."

நான் தரையைப் பார்த்தேன். முடி கற்றை கற்றையாக விழுந்துகொண்டிருந்தது. அவர் துப்பியது என் கன்னத்தில் பட்டது. துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சூடாக இருந்தது.

படகு துறையை விட்டபோது பையன் மாடத்தில் நின்று கையசைத்தான். தொமாயிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. காவலர்கள் இரு பக்கமும் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"சாப்பாட்டுக்குள்ள வந்துருவாங்கல்ல?" என்று கேட்டான்.

பக்கத்தில் நிக்கேத்தாஸ் இருந்தார். அவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருவாங்க, ராசா," என்றேன்.