உரிமைப் பெண்

எழுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நாகமணிக்குக் கால் கடுத்தது. கல்யாண முறைகளைப் பற்றி ஆராய வந்திருந்த வெளிநாட்டு அம்மாவிடம் அவளுக்கு வேலை. எட்டு மாதமாக ஊர் ஊராகப் போய் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கு யார் முறை, தாலி முடிச்சுப் போட்டது யார், பிரிந்தால் என்ன செய்வீர்கள்.

அன்று சின்னத்தாயின் வீடு. ஐம்பது வயதிருக்கும். கடலை உடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"மொதல்ல மாமன் மகன் பேயாண்டிக்குத்தான் கெட்டிக் குடுத்தாக. மூணு வருசம் ஒத்து வரல. ஊர்க்காரவுகள வச்சு, இனி ஒறவு இல்லன்னு அவரு துரும்பக் கிள்ளிக் குடுத்தாரு. முடிஞ்சுபோச்சு. பொறகுதான் இந்த மனுசன்."

"அவர் மேல கோபம் இல்லையா?"

"என்ன கோவம்? நேத்துக்கூட வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போனாரு."

நாகமணி எழுதி முடித்ததும் சின்னத்தாய் கேட்டாள். "ஒனக்கு எத்தன புள்ளைக, தாயி?"

"கல்யாணம் ஆகலக்கா. மாமா பையனுக்குன்னு பிறந்தப்பவே பேசினது. அவர் பம்பாய்க்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டார். பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்பறம் ஏன் வேற எடம் பாக்கல?"

"உரிமைப் பொண்ணு. மாமா வந்து விட்டுக் கொடுத்தாத்தான் வெளிய பார்ப்பேன்னு அம்மா இருக்காங்க. மாமா ஒண்ணும் சொல்லல."

"நீ போய்க் கேட்டியா?"

நாகமணி நோட்டை மூடினாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தடித் தெருவிலிருந்த மாமா வீட்டுக்குப் போனாள். நாகசுப்பிரமணியன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்திலேயே, உட்காராமல், கேட்டாள்.

"மாமா, என்னை வேற இடத்துல கொடுக்கலாம்னு நீங்க ஏன் சொல்லவே இல்லை?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கம்மா கேட்பான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். தீபாவளிக்கு வருவா, பலகாரம் கொடுப்பா, போவா. கேட்கல. அவளே மறந்துட்டாளோன்னு நினைச்சேன். நானா எப்படி அந்தப் பேச்சை எடுக்கறது?"

"பதினோரு வருஷம், மாமா."

"ஆமா" என்றார்.

அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாமா தன் தங்கை, நாகமணியின் அம்மா கனகலட்சுமியின் முன்னால் நின்று, "தப்பு என்னுது. பொண்ணுக்கு வேற இடம் பாரு" என்றார். அம்மா அழுவாள், ஏசுவாள் என்று நாகமணி எதிர்பார்த்தாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் மாமாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாகமணி அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டு அதைக் கேட்டாள். கோபப்படவும் தெம்பில்லை.

அந்த வருஷம் இரண்டு வரன் வந்தது. பரமக்குடிக்காரருக்கு ஐம்பது வயது. சேலத்துக்காரர் மனைவியை இழந்தவர், மூன்று குழந்தைகள். இரண்டையும் வேண்டாம் என்று நாகமணியே சொன்னாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

சேலத்துக்காரரை வேண்டாம் என்று சொன்ன மறுநாள், டி. கல்லுப்பட்டியில் கேட்டு எழுத ஒன்பது வீடு பாக்கி இருந்தது. முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.