இங்கதான் இருக்கேன்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாள் முதல் இரண்டே இரண்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது: ஒன்று உண்மை, மற்றொன்று உறைவிடம். லிஃப்ட் மெக்கானிக் ஆறு வருடமாக இரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்ததில், முதலாவதற்கு அவருக்கு நேரம் ஒழியவில்லை.

மெக்கானிக் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'செங்குத்துப் போக்குவரத்து நிபுணர்' என்று அட்டை அடித்து வைத்திருந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தவர்கள், "ராக்கெட்டா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். நகரத்தில் பாதிப் பேரைப் பதினெட்டாவது மாடிக்கும் இருபதாவது மாடிக்கும் பத்திரமாக ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் போய்ப் படுத்தது தரைக்குக் கீழே. கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கு. வாடகை கிடையாது, வெளிச்சம் கிடையாது, போனுக்கு சிக்னல் சுத்தமாகக் கிடையாது.

மனைவியும் மகளும் வேறு ஊரில், மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார்கள். சமையல் கீழே, அண்ணியின் அடுப்பில், அண்ணியின் நேரத்தில். அண்ணி கெட்டவள் இல்லை. உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் மட்டும், "பரவாயில்லம்மா, உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ" என்பாள். ஒரு நாளைக்கு நாலு தரம் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தினமும் மாலை ஆறரை மணிக்கு மெக்கானிக் கிடங்கிலிருந்து மேலே வந்து, இரண்டு தெரு நடந்து, பச்சை கேட் போட்ட ஒரு வீட்டின் மதிலோரம் நின்று வீடியோ கால் போடுவார். அந்த வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு இல்லை. மதில்மேல் காகிதப்பூ சரிந்து கிடக்கும். அதற்கு மேலே ஒரு பால்கனி. முதல் நாளே மகள் கேட்டாள், அப்போது அவளுக்கு ஐந்து வயது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்."

இலக்கணப்படி இதில் குற்றம் இல்லை. நின்றுகொண்டிருப்பவனும் இருக்கிறான், குடியிருப்பவனும் இருக்கிறான், சொல் ஒன்றுதான். பால்கனியைப் பார்த்து, "அது நம்மதா?" என்று மகள் அடுத்ததாகக் கேட்டபோது, இணைப்பு விட்டுப்போன மாதிரி அவர் இரண்டு விநாடி அசையாமல் நின்றார். குழந்தை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு அந்தப் பால்கனியில் தொட்டிச் செடிகள் வளர்ந்தன, பூனை குட்டி போட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு மூன்று மாதம் அடம்பிடித்துப் பிறகு வழிக்கு வந்தது.

இந்த வருடம் மகள் ஆறாம் வகுப்பு. கம்பெனியும் மனமிரங்கி, வீட்டு வாடகைப்படி என்று ஏதோ கொடுத்தது. மனைவியும் மகளும் வந்து ஒரு லாட்ஜில் இறங்கினார்கள். நான்கு நாள். திங்கட்கிழமைக்குள் முகவரி கொடுத்தால்தான் பள்ளியில் இடம். வீடு அமையாவிட்டால் அண்ணி வீட்டில் இன்னொரு வருடம்.

"இன்னும் ஒரு வருஷம் அங்க இருந்தா நானே ஒரு உப்பு டப்பா ஆயிடுவேன்," என்றாள் மனைவி. "ஏங்க, நீங்க இருக்கிற வீட்டையே எடுத்துக்கலாமே?"

"அது பேச்சிலருக்கு மட்டுந்தான் குடுப்பாங்க."

"அவ்வளவு பெரிய வீடா?"

"பெரிய பேச்சிலருக்கு."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி" என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும், அதில் பாதியைப் போனிலேயே நடத்தியதால், அது எந்த வகை 'சரி' என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டுத் தரகரின் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லா வீட்டையும் 'அம்சமான வீடு' என்பதால் அம்சம். முதல் நாள் அம்சம் காட்டிய வீட்டில், குளியலறைக்குள் ஆள் நின்றால் கதவு சாத்தாது; கதவு சாத்தினால் ஆள் நிற்க முடியாது. "ஏதாவது ஒண்ணுக்குப் பழகிக்கணும்க்கா," என்றார் அம்சம். அடுத்ததில் படுக்கையறை ஜன்னலைத் திறந்ததும், ஒரு முழ தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். "தண்ணி வராது, எடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். மூன்றாவது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம் என்றார் அம்சம்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது நடக்கிறவங்களைப் பொறுத்ததுக்கா."

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனைவி நேரே போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். மெக்கானிக் உள்ளேயே வரமாட்டார். லிஃப்ட் கதவில் காதை வைத்து, டாக்டர் மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். ஐந்தாவது மாடியில் உருப்படியாக ஒரு வீடு, வாடகையும் தோதாக, அமைவது போல் இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம். இந்தக் கயிறு மூணு மாசம் தாங்காது."

"இந்த லிஃப்டை யாருங்க பாத்துக்கிறாங்க?"

"நான்தான். அதனாலதான் சொல்றேன்."

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்சமே களைத்துப்போனார். "கடைசியா ஒண்ணு. மாடி போர்ஷன். வாடகை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பாக்கிறதுக்குக் காசா பணமா, வாங்க." ஒரு தெருமுனை திரும்பினார்கள். இன்னொன்று திரும்பினார்கள். மெக்கானிக்கின் நடை தானாகவே மெதுவானது.

"அப்பா! உங்க வீடு!" என்று கத்திக்கொண்டு மகள் பச்சை கேட்டை நோக்கி ஓடினாள்.

"சார் இங்கயா இருக்கீங்க?" என்றார் அம்சம்.

இந்தத் தடவை மெக்கானிக்குக்கு இலக்கணம் கைகொடுக்கவில்லை. அதற்குள் கேட் திறந்தது. எழுபது வயதுப் பெண்மணி, கண்ணாடி நெற்றிமேல். கண்ணாடியை இறக்கி அவரை உற்றுப் பார்த்தார்.

"அட! நீ வாய்ப்பாட்டுத் தம்பி இல்ல?"

மெக்கானிக் சிரித்தார். பல்லைக் காட்டுவதற்கும் சிரிப்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று.

"ஆறு வருஷமா எங்க மதில்ல சாஞ்சு பேசற ஆளாச்சே! முதல்ல திருடன்னு நினைச்சோம்மா," என்று அந்த அம்மா மனைவியிடம் உற்சாகமாகத் தொடங்கினார். "அதோ பாரு கேமரா, அது இவருக்காக வச்சதுதான். அப்புறம் பாத்தா ஏழாம் வாய்ப்பாடு. தினமும் ஏழெட்டுல வந்து நிக்கும். அந்தப் புள்ள ஐம்பத்தாறுன்னு சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. என் பையன் வந்தப்ப, வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடும்மான்னான். அட போடா, கணக்கு பாதியில நிக்குதுன்னேன். நீதானா கண்ணு அது? ஏழெட்டு?"

"ஐம்பத்தாறு," என்றாள் மகள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

மாடியைக் காட்டினார்கள். மூன்று அறை, இரண்டு குழாய், இரண்டிலும் தண்ணீர். மகள் பால்கனியில் போய் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே மதிலோரத்தைப் பார்த்தாள்.

"அங்கதான் நிப்பீங்களா?"

"ஆமா கண்ணு."

"மேலேருந்து பாத்தா ரொம்பச் சின்ன இடம்."

வாடகையை அம்சம் காதில் சொன்னார். வாடகைப்படியைப் போல் மூன்று மடங்கு. பச்சை கேட் அம்மா மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "உனக்காகக் குறைக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு தம்பி," என்றார். "ஆனா குறைக்கமாட்டேன்."

தெருமுனை வரை நடந்தார்கள். பிறகு மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு நாலு வருஷமா தெரியும்," என்றாள் மனைவி. "ஒரு நாள் நீங்க பேசிட்டிருக்கும்போது பின்னாடி கேட்டைத் தொறந்துட்டு ஒரு கார் வந்துது. நீங்க 'சாரி சார், சாரி சார்'னு செடிக்குள்ள போய் நின்னீங்க. சொந்த வீட்டுக் கார்கிட்ட யாராவது சாரி கேப்பாங்களா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா மறுநாள்லேருந்து எங்க போய் நின்னு பேசுவீங்க?" கொஞ்ச தூரம் நடந்தாள். "அதோட அது நம்ம வீடுன்னு அண்ணிகிட்ட வேற சொல்லி வச்சிருந்தேன். நீங்க காட்டினது பால்கனி மட்டுந்தான். ஊஞ்சல் நான் போட்டது."

மெக்கானிக் நின்றுவிட்டார். "ஊஞ்சலா?"

"தேக்கு ஊஞ்சல்," என்றாள் மனைவி. "சரி, நிஜமா எங்க படுத்தீங்க? அதைக் காட்டுங்க."

காட்டினார். லிஃப்டுக்கு எதிர்ப்பாரமாகத் தொங்கவிடும் இரும்புக் கட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல் மெத்தை. சுற்றிலும் சுருள் சுருளாகக் கயிறு. மேலே யாரோ பொத்தானை அமுக்க, சுவருக்குள் லிஃப்ட் உறுமிக்கொண்டு ஏறிப்போனது. மகள் மெத்தையில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். மனைவி பழக்கதோஷத்தில் மூலையிலிருந்த குழாயைத் திறந்தாள்.

"தண்ணி நல்லாத்தான் வருது," என்றாள். குழாயை மூட அவளுக்கு நேரமானது.

நான்காம் நாள் காலையில் அம்சம் வந்தபோது, "அந்த அம்மா வீட்டுக்குப் பக்கத்துல, எங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி, எதுவா இருந்தாலும் காட்டுங்கண்ணே," என்று மனைவி சொல்லிவிட்டாள். அம்சம் யோசித்தார். "இருக்குக்கா. பால்கனி வியூ. அம்சமான வீடு. ஆனா சார்தான் கோவிச்சுக்குவார்."

பச்சை கேட்டுக்கு எதிர்வரிசை வீடுகளுக்குப் பின் தெரு. மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை, அதனால்தான் வாடகை குறைவு. செங்குத்துப் போக்குவரத்து நிபுணர் மூன்று மாடியையும் காலால் ஏறி, மேலே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால், அம்சம் சொன்னபடியே, பால்கனி தெரிந்தது. பச்சை கேட் அம்மாவுடையது.

மனைவி குழாயைத் திறந்து பார்த்தாள். பிறகு கைப்பையை ஒரு அலமாரித் தட்டில் வைத்தாள். சற்று நின்று, எடுத்து, அடுத்த தட்டில் வைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதையே எடுத்துக்கலாம்," என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு முகவரி போனது. ஜன்னலிலிருந்து மனைவி ஒரு படம் எடுத்து, 'எங்க வீட்லேருந்து' என்று எழுதி அண்ணிக்கு அனுப்பினாள். அதிலும் இலக்கணப்படி குற்றம் இல்லை. ஊஞ்சல் எங்கே என்று அண்ணி கேட்டதற்கு, பாலிஷ் போடக் கொடுத்திருப்பதாகப் பதில் போனது.

எல்லாம் கூடி வந்துவிட்டது. மாலை ஆறரை மணிதான் இடித்தது. ஆறு வருடம் போனில் வாய் ஓயாத மகள், எதிரே உட்கார்ந்தால் தன் கால் விரல்களைப் பார்த்தாள். இத்தனை நாள் முகம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முழு அப்பா கொஞ்சம் அதிகமாக இருந்தார். அவரும், தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணிடம், "சாப்டியா?" என்று கேட்டார்.

"ம்."

"ஸ்கூல்ல என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் ஆறரை மணிக்கு மெக்கானிக் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க?" என்றாள் மனைவி.

"சின்ன வேலை."

மூன்று மாடி இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு போய், மதிலோரம் தன் இடத்தில் சாய்ந்தார். சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. அவள் எடுப்பதற்குள் மகள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா! இன்னிக்கு என்னாச்சு தெரியுமா? எங்க கணக்கு டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க மூக்குக் கண்ணாடியை மூக்குல வச்சுக்கிட்டே கிளாஸ் பூராவும் தேடினாங்கப்பா. நாங்க யாருமே சொல்லல..."

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டாள். அரைமணி நேரம் ஆனது. கடைசியில் மகள் ஜன்னலோரம் வந்து, இருட்டத் தொடங்கிய காகிதப்பூவை எட்டிப் பார்த்தபடி, தெரிந்துகொண்டே கேட்டாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்."

வீட்டுக்குச் சொந்தமாக வைஃபை வந்து அப்போது மூன்று நாள் ஆகியிருந்தது.