முழுசாக வந்த துணி

அறிவியல் டீச்சர் ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைப் பருத்தித் துணி கொடுத்தார். "நல்ல மண்ணுன்னு எங்க தோணுதோ அங்க புதைங்க. ரெண்டு மாசம் கழிச்சு எடுப்போம். மண்ணுல உயிர் இருந்தா துணியத் தின்னிருக்கும்" என்றார்.

மற்றவர்கள் இடம் தேடி அலைந்தார்கள். பள்ளித் தோட்டக்காரர் மகளுக்கு அந்தக் கவலையே இல்லை. நேராக அப்பாவின் ரோஜாப் பாத்திக்குப் போனாள். பள்ளிக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்து நிற்பதே அங்கேதான். உள்ளங்கை அகலப் பூக்கள், கீழே பேருக்கு ஒரு சருகு கிடையாது. "என் மண்ணுல ஒரு புழுவக் காட்டு பார்ப்போம்" என்று அப்பா மார்தட்டுவார். பாவம், அதையும் அவள் பெருமையாகத்தான் நினைத்திருந்தாள்.

தோண்டும் நாள் வந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், நாய்கூட எட்டிப் பார்க்காத சருகுக் குவியலில் ஒருத்தன் புதைத்திருந்தான். அவன் துணியில் ஓரத்து நைலான் தையலும் நாலு கந்தலும்தான் மிச்சம். நூறு கட்டம் போட்ட கண்ணாடித்தாளை மேலே வைத்து எண்ணினார்கள். தொண்ணூற்றிரண்டு கட்டம் காலி.

அவள் துணியோ முழுசாக வந்தது. உதறியதும் மண்ணெல்லாம் உதிர்ந்து பளிச்சென்று இருந்தது.

"இஸ்திரி போட்டு உள்ள வச்சுக்க" என்றான் சருகுக் குவியல்காரன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பத்தடி தள்ளி அப்பா ரப்பர் குழாயோடு நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

ஆழம் போதவில்லை, இடம் மாறிவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா? பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அப்பாவின் மானம் போகும். ஆனால் கையிலிருந்த துணி அவளைச் சும்மா விடவில்லை. இவ்வளவு பூக்கிற மண்ணில் ஒரு நூல்கூட அறுபடவில்லையே, அது எப்படி?

"காலிக் கட்டம் சைபர்" என்றாள். "ஏன் டீச்சர்?"

"எனக்குத் தெரியலம்மா. அந்த மண்ணோட பழகுறவரக் கேளு."

துணியோடு அப்பாவிடம் போனாள். "இங்க என்னெல்லாம் போடுவீங்கப்பா?"

"வாராவாரம் பூச்சி மருந்து. சருக அப்பப்பக் கூட்டிடுவேன்."

"அப்புறம் புழு எதத் தின்னும்?"

அப்பா துணியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கோவமாப்பா?"

"வெக்கமா இருக்கு" என்றார். "ஆமா, மருந்தாலயா, இல்ல சருகு இல்லாததாலயா?"

"தெரியலியேப்பா."

அவர் குழாயைக் கீழே போட்டார். செருப்பு நுனியால் பாத்தியின் குறுக்கே மூன்று கோடு கிழித்தார். "இங்க மருந்து மட்டும். இங்க சருகு மட்டும். இதுல ரெண்டும். கடைசில ஒண்ணுமே வேணாம். டீச்சர்கிட்ட நாலு துணி வாங்கிட்டு வா."

"பூ கெட்டுப்போச்சுன்னா? ஹெச்.எம். உங்களத் திட்டுவாங்களே!"

"திட்டட்டும்மா. எனக்குத் தெரிஞ்சாகணும்."