தண்ணீரின் முகடு

மாலை நான்கு மணிக்குக் கட்டுரை இதழுக்குப் போய்விடும். மணி இரண்டேகால். ஆய்வு மாணவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

டி.என்.ஏ.வின் கட்டுமானத் துண்டான நியூக்ளியோசைடைச் சற்றே மாற்றியமைத்து, பிளாட்டினத்தைப் பிணைத்துக் கனநீரில் வைத்தால், ஒரு ஹைட்ரஜன் கழன்று, அந்த இடத்தில் கனநீரில் இருக்கும் கனமான ஹைட்ரஜன், அதாவது டியூட்டீரியம், வந்து அமரும். பிளாட்டினம் இதைத் தாமதப்படுத்துகிறது என்றது அவள் அளவீடு. விரைவாக்குகிறது என்றது எதிர்மேஜையில் வேலை செய்யும் மூத்த ஆய்வாளர் அக்காவின் அளவீடு. "உங்களுக்குக் கவனம் போதாது" என்று பேராசிரியர் அக்காவின் பெயரைக் கட்டுரையிலிருந்தே எடுத்துவிட்டார்.

எந்த ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று முகடுகளாகக் காட்டும் அளவீட்டுப் படங்களில் தண்ணீரின் முகடு வீணாக நீட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதை வெட்டிவிட்டுத்தான் பார்ப்பார்கள். இன்று பதற்றத்தில் வெட்டாமலே திறந்தாள். முகடு திரையின் உச்சியை முட்டியது. கனநீரில் இவ்வளவு சாதாரணத் தண்ணீர் ஏது?

குளிர்பெட்டிக்கு ஓடினாள். பிளாட்டினக் கரைசல் புட்டியின் சீட்டில் ‘சாதாரணத் தண்ணீர்’ என்று அவள் கையெழுத்தேதான். போன வருடம் வேறு வேலைக்காகச் சாதாரணத் தண்ணீரில் செய்தது. அதைத்தான் கனநீரோடு பாதிக்குப் பாதி சேர்த்திருக்கிறாள். கழன்ற இடங்களில் பாதியில் சாதாரண ஹைட்ரஜனே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஹைட்ரஜன் கழலவேயில்லை என்று கணக்கிட்டு, தாமதம் என்று இவள் எழுதிவிட்டாள்.

அக்கா தன் கரைசலைக் கனநீரிலேயே செய்திருந்தாள். அக்காவிடம் போய் நின்றாள்.

"அக்கா, உங்க அளவுதான் சரி."

"என்னடி, சாப்பிட்டியா இல்லையா? உளர்றே."

புட்டியை நீட்டினாள். அக்கா படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்டச் சொன்னா உன் பேரும் போயிடும்."

"சொல்லலைன்னா தூக்கம் போயிடும்க்கா."

"சரி, நானும் வரேன். தனியா போனா வாசல்லயே அழுதுடுவே."

அடுத்தவர் தவறில் மகிழாத மனத்தைக் கடவுள் எல்லோருக்கும்தான் தந்திருக்கிறார். தேவைப்படும் நேரத்தில் அதை எடுத்துக்கொள்கிறவர்கள்தான் குறைவு.

இருவரும் கொண்டுபோன படத்தைப் பேராசிரியர் பார்த்தார். பிறகு, இதழுக்கு அனுப்ப வைத்திருந்த கடிதத்தை மூடினார்.

"முகட்டை நானும்தான் பார்க்கலை," என்றார். அக்கா பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா."

"அது கிடக்கட்டும் சார். கனநீர்லயே புதுசா கரைசல் செஞ்சு, முதல்லேர்ந்து அளக்கணும். இவளையும் கூட வெச்சுக்கறேன்."

"இவங்களையா?"

"ஆமா சார். இனிமே இந்தத் தப்பை இவ மட்டும் பண்ணவே மாட்டா."