முகம் போன ராஜாக்கல்

காலை ஐந்தரைக்கு நான் பெட்ரோல் டப்பாவோடு துறைக்கு வந்தபோது, என் மாமனார் க்ரிசாந்தோ எனக்கு முன்னால் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வரும் தொப்பி. மிதவை அங்கியை முன்பின் மாற்றி மாட்டியிருந்தார். எழுபது வயதுவரை இந்த ஆற்றிலேயே விழுந்து எழுந்த மனுஷனுக்கு அது எதற்கு என்று கேலி பண்ண வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் கேலி வரவில்லை.

“மாமா, இறங்கிடுங்க. உங்க பொண்ணுகிட்ட முட்டி வலின்னு நான் சொல்லிக்கறேன்.”

“முட்டி நல்லாத்தான் இருக்கு. நீ மோட்டாரைப் பாரு மாப்ள.”

“எதுக்கு வம்பை வெலைக்கு வாங்கறீங்க?”

“அதை நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கியாச்சு.”

அதற்குள் என் மனைவி எவெலியா பயணிகள் ஆறு பேரோடு இறங்கி வந்தாள். காட்டுக்குள் இருக்கும் பழைய நகரத்தை, நாங்கள் சும்மா ‘கற்கள்’ என்று சொல்லும் இடத்தை, ஒன்பது வருஷமாக அவள்தான் சுற்றிக் காட்டுகிறாள். நான் படகோட்டி. ஒன்பது வருஷமும் அப்பாவைக் கூப்பிட்டுக் கொண்டே இருந்தாள். அவரும் முட்டியைக் காரணம் காட்டித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். இன்று அவரைப் படகில் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டாள். பயணிகள் முன்னாலேயே அங்கியைக் கழற்றி, நேராக மாட்டி, வார்களை இழுத்து விட்டு, அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். கற்களில் ஒரு ராஜா உண்டு. ஓர் ஆள் உயரக் கல்லில் புடைப்புச் சிற்பமாக நிற்கிறார். முகம் மட்டும் இல்லை. யாரோ ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கல்லின் முன்னால் நின்று எவெலியா தினமும் சொல்வாள், “இதை அறுத்தவன் கை புழுத்துப் போகணும்” என்று. பேச்சுக்குச் சொல்வதில்லை, மனசார. போன ஈஸ்டருக்கு மாமனார் என்னோடு குடித்தபோது இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி, “பாரு, இன்னும் புழுக்கல” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை, நான் கோழை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஒரு போட்டோ அனுப்பினார். எங்கேயோ ஒரு அருங்காட்சியகத்தின் சுவரில் எங்கள் ராஜாவின் முகம், மேலே விளக்கு போட்டு. எவெலியா அதைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மாமனார் அதைப் பார்த்தார். கையிலிருந்த சோளரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, “நானும் வர்றேன்” என்றார்.

படகு கிளம்பியது. ஆற்றின் மேல் பனி கலையவில்லை. கரையில் ஊளைக்குரங்குகள் ஆரம்பித்ததும், தலைநகரத்திலிருந்து வந்திருந்த ரிடையர்டு டீச்சர் ஒர்த்தென்சியா, “புலியா?” என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “குரங்குதாம்மா. சத்தம்தான் பெருசு, எங்க ஊர் மேயர் மாதிரி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், மாமனாரைத் தவிர.

“எங்கப்பா,” என்று எவெலியா அவர் தோளில் கைவைத்துச் சொன்னாள். “இந்தக் காட்டுல இவருக்குத் தெரியாத மரமே கிடையாது. சப்போட்டா மரத்துல ஏறி, பால் இறக்கி, காய்ச்சி அனுப்புவாரு. நீங்கள்லாம் சின்ன வயசுல மென்ன சூயிங்கம் இவர் கையால வந்ததுதான்.” பயணிகள் கை தட்டினார்கள். அவர் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் ஆறு, அப்புறம் முக்கால் மணி நடை. வழியெல்லாம் எவெலியா அவர் முழங்கையை விடவில்லை. நான் பின்னால் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மழை வரக்கூடாதா, யாருக்காவது கால் சுளுக்கக்கூடாதா என்றெல்லாம் வேண்டிக்கொண்டேன். வெயில் பளிச்சென்று அடித்தது. எல்லோர் காலும் நன்றாக இருந்தது.

ராஜாக்கல் முன்னால் வந்து நின்றோம். தோள் வரைக்கும் பூவேலை, இறகு, மணிமாலை. அதற்கு மேல் வெட்டிய பாலாடைக்கட்டி மாதிரி வழவழப்பு. எவெலியா போட்டோவை எடுத்து அந்த இடத்தில் சரியாகப் பொருத்திப் பிடித்தாள். ஒரு நிமிஷம் ராஜா முழுசானார். பயணிகளில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

“இவர் வேணும்னு நாங்க மனு போட்டிருக்கோம்,” என்றாள். “வருவாரு, வராம போகமாட்டாரு. ஆனா இதை அறுத்தவன் இருக்கானே...” வழக்கமானதைச் சொன்னாள். புழுத்துப் போகணும் என்பதையும் சேர்த்து.

“மூக்கு ஏன் இல்ல?” என்று டீச்சர் போட்டோவைக் காட்டிக் கேட்டார்.

“ஆயிரத்து இருநூறு வருஷ மழை டீச்சர்.”

“மழை இல்ல,” என்றார் மாமனார்.

எவெலியா சிரித்தபடி திரும்பினாள். “என்னப்பா?”

“மழை இல்ல தாயி. இறக்கும்போது கயிறு நழுவிடுச்சு. கீழ விழுந்து மூக்கு தெறிச்சுது. கயித்தைப் பிடிச்சிருந்தது நான்.”

காட்டில் அவ்வளவு சத்தமும் இருக்கத்தான் செய்தது, பூச்சி, பறவை எல்லாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எவெலியா போட்டோவைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை.

“அந்த வருஷம் சப்போட்டாப் பிசின் வாங்க யாரும் வரல. ரம்பத்தோட ஒருத்தன் வந்தான். பதினோரு நாள் அறுத்தோம், மணலும் தண்ணியும் ஊத்தி ஊத்தி.” அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். “பட்டினின்னு பொய் சொல்லமாட்டேன். பட்டினி இல்ல. வந்த காசுல ரேடியோ வாங்கினேன். மிச்சத்தைக் குடிச்சேன்.”

“எந்த ரேடியோ?”

அவர் தொப்பியைக் கையில் திருப்பினார்.

“நம்ம வீட்டு ரேடியோவா? பச்சை ரேடியோவா?” அவள் குரல் மேலே ஏறியது. “அதுலதான் நான் ஆடக் கத்துக்கிட்டேன். நீங்க கை தட்டுவீங்க!”

“தட்டினேன்.”

“ஒன்பது வருஷமா தினம் சபிக்கிறேன். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தீங்க.”

“நியாயம்தானே சொல்ற. அதுல நான் என்ன பேச?”

டீச்சர் மற்றவர்களை மெதுவாக அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நல்ல பொம்பளை. எவெலியா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியும் என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். “உன்னை வீட்ல பாத்துக்கறேன்” என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, வீட்டுக்கு வருவாள் என்று.

மாமனார் கல்லுக்குப் பின்னால் நடந்தார். பதினைந்து அடி போய், ஒரு பெரிய சப்போட்டா மரத்தின் வேருக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டார்.

“ரம்பத்தோட வந்த ஆளு என்னை நாயேன்னான், கயித்தை விட்டதுக்கு. மூக்கைத் தேடு தேடுன்னு குதிச்சான். என் கால் அது மேலதான் இருந்துச்சு. கொடுக்கல. கோவம், வேற ஒண்ணுமில்ல. ராத்திரி இங்க புதைச்சேன்.”

வெறுங்கையால் தோண்டினார். நான் வெட்டுக்கத்தியை நீட்டினேன், வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். வேர் தடித்து இடத்தையே மாற்றியிருந்தது. ஒரு குழி, இரண்டு குழி, ஒன்றுமில்லை. மூச்சு வாங்கியது, நகக்கண்ணில் ரத்தம் வந்தது. எவெலியா இறுகிய முகத்தோடு நின்று பார்த்தாள். மூன்றாவது குழியில் அவர் கை நின்றது.

ஒரு மாங்காய் அளவு இருக்கும். மண்ணோடு எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“இதைக் கொண்டுபோய் தொல்லியல் அதிகாரிக்கிட்ட கொடுக்கணும்,” என்றாள். “யார் எடுத்தாங்க, எப்ப, எல்லாம் கேப்பாங்க. எழுதி வாங்குவாங்க. நான் சொல்லமாட்டேன், நீங்கதான் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க.”

“போடட்டும். நீ வருவியா தாயி, என்கூட?”

அவர் நீட்டிய கைகள் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தன. கல் விழுந்துவிடும் என்று நான் நினைத்த நேரத்தில், அவள் போட்டோவை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கைகளுக்குக் கீழே தன் கைகளை வைத்தாள். மூக்கின் துளையிலிருந்து சிவப்பெறும்புகள் வரிசையாக வந்து நான்கு கைகளிலும் ஏறின. இரண்டு பேரும் கையை உதறவில்லை. எவெலியா குனிந்து, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல, அந்தத் துளைக்குள் மெல்ல ஊதினாள்.